பழைய இசைத்தட்டுகளின் உரிமை: ஒரு வரலாற்று நோக்கு

2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றமாகிய மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று பழைய இசைப்பதிவுகளைப் பற்றித் தீர்ப்பு வழங்கிற்று. முதலாவது, பதினாறு வயதினரான யெஹுதி மெனுஹின் 1932-இல் லண்டனில் வாசித்த வயலின் இசை. அதை இயற்றிய எட்வர்ட் எல்கரே அன்று இசைக்குழுவை நடத்தினார். இரண்டாவது, பாப்லோ கசால்ஸ் 1936-க்கும் 1939-க்கும் இடையில் பதிவு செய்த, பாக் தனிச் செல்லோவுக்கென்று எழுதிய ஆறு தொகுதிகள். மூன்றாவது, எட்வின் ஃபிஷர் பியானோவில் வாசித்த பாக்கின் முன்னிசைகளும் ஃபியூகுகளும். மூன்றையும் பதிவு செய்தது இங்கிலாந்தின் கிராமபோன் கம்பெனி. ஒலிப்பெட்டியின் முன் அமர்ந்து எசமானின் குரலுக்குச் செவி சாய்க்கும் நாயின் முத்திரையால் நம் நாட்டிலும் அறியப்பட்ட அதே கம்பெனிதான்.

பாக் 1750-இல் மறைந்தார். அவர் இயற்றியவற்றின்மீது இன்று எவருக்கும் பதிப்புரிமை கிடையாது. எந்த ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பவரும் எவரையும் கேளாமல் அவற்றை வாசிக்கலாம். ஒலிப்பதிவுகளுக்கு இங்கிலாந்துச் சட்டம் அளித்திருந்த ஐம்பது ஆண்டுக் காவலும் மூன்று பதிவுகளுக்கும் 1990-க்குள் தீர்ந்துவிட்டது. எனினும் நியூயார்க்கில் 2067-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் வரை உரிமையாளரின் இசைவின்றி எவரும் அவற்றைப் படியெடுத்து விற்கலாகாது என்று அந்நீதிமன்றம் கூறிற்று. பிறந்த நாட்டில் விடுதலை பெற்ற ஒன்று, கடல் கடந்து சென்ற நாட்டில் மேலும் முக்கால் நூற்றாண்டுக்குக் கட்டுண்டது எவ்வாறு? இதனை விளங்கிக்கொள்ள நாம் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் தானியங்கிப் பியானோ பரவியிருந்தது. துளையிட்ட காகிதச் சுருள் ஒன்றை அதனுள் பொருத்திவிட்டால், விசைகள் தாமாக அழுந்திப் பாட்டு ஒலிக்கும். சுருள் செய்தவர்கள் பாட்டு இயற்றியவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒயிட்–ஸ்மித் என்ற இசைநூல் வெளியீட்டார் தங்கள் இரு பாடல்களுக்காக அப்பல்லோ என்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அப்பாடல்களை இயற்றியவர் ஆதாம் கைபெல். ஜெர்மனியில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த இவர், ‘இயேசுவுக்காக எழுந்து நில்லுங்கள்’ என்ற பொருளில் தொடங்கும் பிரசித்தி பெற்ற ஆங்கில ஞானப்பாட்டுக்கு 1901-இல் புது மெட்டமைத்தவர் என்பதால் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை அவருடைய வெளியீட்டாருக்கு எதிராகத் தீர்த்தது. மனிதர் கண்ணால் கண்டு வாசிக்கக்கூடியதே ‘படி’ என்றும், துளையிட்ட சுருளை எவரும் வாசிக்க இயலாதாகையால் அது படியன்று, இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்றும் நீதிபதிகள் கருதினர். கைபெல் சிறுவயது முதலே பார்வையற்றவர். கண்ணால் வாசிக்கக்கூடியதே இசையின் படி என்ற விதி அவருடைய பாட்டைக் கொண்டு நிறுவப்பட்டது வியப்புக்குரியது.

மறு ஆண்டே, அதாவது 1909-இல், அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. சுருளிலோ தட்டிலோ பாட்டைப் பதிப்பவர் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சென்ட் இயற்றியவருக்குச் செலுத்த வேண்டும். ஒருவர் ஒருமுறை பதிக்க இசைந்துவிட்டால், அதன்பின் அதே தொகையைச் செலுத்தி எவரும் பதிக்கலாம். ஏயோலியன் என்ற சுருள் நிறுவனம் வெளியீட்டாரோடு தனியுரிமை ஒப்பந்தங்கள் செய்து சந்தை முழுவதையும் கைப்பற்றிவிடும் என்ற அச்சமே இந்தக் கட்டாய உரிமத்திற்கு வழி வகுத்தது. இரண்டு சென்ட் என்ற அவ்விகிதம் 1978 வரை மாறாமல் நின்றது. அதற்குள் ஒரு ரொட்டியின் விலை எத்தனை முறை ஏறியிருக்கும் என்று பாடல் இயற்றியோர் முறையிட்டிருப்பார்களானால் அது நியாயமே.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். ஓர் இசைத்தட்டில் இரண்டு உடைமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, சொல்லும் மெட்டுமாகிய பாட்டு. மற்றொன்று, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒருவர் பாடித் தட்டில் ஏறிய ஒலி. பழைய தட்டைப் படியெடுக்க விரும்புவோர் இரண்டிற்கும் தனித்தனியே இசைவு பெற வேண்டும். 1909-இன் அமெரிக்கச் சட்டம் முதலாவதைக் காத்தது. இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இங்கிலாந்தின் 1911-ஆம் ஆண்டுச் சட்டமோ, மூலத்தகடு செய்யப்பட்டதிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு ஒலிக்கும் தனியுரிமை அளித்தது. அச்சட்டமே சிறு மாற்றங்களோடு 1914-இல் இந்தியாவுக்கும் வந்தது. ஐம்பதாம் ஆண்டில் விடுதலை என்றவுடன் லேவியராகமத்தின் யூபிலி நம் நினைவுக்கு வருகிறது. சட்டம் இயற்றியோர் அதனை நினைத்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எந்த உடைமைக்கும் ஓர் எல்லை உண்டென்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

அமெரிக்காவில் அவ்வெல்லை இல்லாமற்போனது. நடுவண் சட்டம் வாளாவிருக்கவே, மாநில நீதிமன்றங்கள் தத்தம் வழக்காற்றுச் சட்டத்தைக் கொண்டு ஒலிப்பதிவுகளைக் காக்கலாயின. ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனம் பதித்த இசையைப் பற்றி கேப்பிட்டல், மெர்க்குரி என்னும் இரு கம்பெனிகளுக்கிடையே நடந்த வழக்கு 1955-இல் முடிந்தது. தட்டை விற்பனைக்கு விட்ட பின்னரும் அதனைப் படியெடுக்கும் உரிமை கம்பெனியிடமே தங்கும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி லேர்னட் ஹேண்ட் மட்டும் மாறுபட்டார். அரசியலமைப்பு பதிப்புரிமைக்குக் காலவரம்பு விதித்திருக்க, மாநிலங்கள் வரம்பற்ற உரிமை வழங்குவது அதன் நோக்கத்திற்கே முரண் என்பது அவருடைய வாதம். அவ்வெச்சரிக்கை அன்று எடுபடவில்லை. அதன் மதிப்பை நாம் அறிவது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

1960-களின் பிற்பகுதியில் ஒலிநாடாக்கள் மலிந்தன. அதோடு களவுப்படிகளும் மலிந்தன. எனவே 1971-இல் காங்கிரஸ் ஒலிப்பதிவுகளுக்கு முதன்முறையாகப் பதிப்புரிமை வழங்கிற்று. 1972 பிப்ரவரி 15 முதல் செய்யப்படும் பதிவுகளுக்கு மட்டுமே அது செல்லும் என வரையறுத்தது. அதற்கு முந்தியவை மாநிலங்களின் கையிலேயே விடப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலை 2047 வரை நீடிக்கும் என்றது. 1998-இன் திருத்தம் 2067 என்று மாற்றிற்று. ஆக, 1890-களில் மெழுகு உருளையில் பாடிய ஒருவரின் குரலும் 2067 வரை பொதுச்சொத்தாகாது. பாடியவர், பதித்தவர், வாங்கியவர் யாவரும் மாண்டுபோயினர். உரிமை மட்டும் உயிரோடிருந்தது.

இனி நாம் தொடங்கிய வழக்கிற்கு வருவோம். மெனுஹின், கசால்ஸ், ஃபிஷர் ஆகிய மூவரும் 1930-களில் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, பதிவுகளின்மீதான முழு உரிமையும் உலகெங்கும் கிராமபோன் கம்பெனிக்கே உரித்தாயிற்று. பின்னர் அது ஈ.எம்.ஐ. ஆயிற்று. ஈ.எம்.ஐ. 1996-இல் அமெரிக்க உரிமையைக் கேப்பிட்டல் நிறுவனத்திற்கு அளித்தது. மறுபுறம், 1987-இல் ஹாங்காங்கில் க்ளாஸ் ஹைமன் என்பவர் தொடங்கிய நாக்சாஸ் நிறுவனம் மேனாட்டுச் செவ்விசையைக் குறைந்த விலைக்கு விற்றுப் பெயர் பெற்றிருந்தது. அது பழைய தட்டுகளைத் தேடிப் பெற்று, ஒலியைப் புதுப்பித்துக் குறுந்தட்டுகளாக வெளியிட்டது. கேப்பிட்டலும் இதே இசையைத் தன் முறையில் புதுப்பித்து விற்றுவந்தது. 2002-இல் கேப்பிட்டல் வழக்குத் தொடுத்தது.

புதுப்பித்தல் என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். வழக்கின் உயிர்நாடி அதில்தான் உள்ளது. பழைய தட்டு அரக்கினால் ஆனது. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது என்பதை இடையே குறிப்பிடலாம். அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்யப்பட்ட தட்டில் ஊசி ஓடும்போது, அக்கற்பொடியே ஓயாத இரைச்சலைத் தரும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல்தான் ஓடும். ஆகவே நீண்ட இசை பல பக்கங்களில் வெட்டுண்டு கிடக்கும். புதுப்பிப்பவர் ஒரே பதிவின் பல தட்டுகளைத் திரட்டி, எந்தப் பக்கம் எதில் குறைவாகத் தேய்ந்துள்ளது என்று ஒப்பிட்டுத் தேர்கிறார். தட்டைக் கழுவி, அதன் பள்ளத்திற்குப் பொருந்தும் பருமனுள்ள ஊசியைத் தெரிந்தெடுக்கிறார். நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பெயரளவே. உண்மையான வேகம் தட்டுக்குத் தட்டு மாறுபடும். வேகம் பிசகினால் சுருதி பிசகும். இவை யாவும் சரியான பின்னர், வெடிப்பொலிகளை ஒவ்வொன்றாக நீக்கி, இரைச்சலைத் தணித்து, பக்கங்களைச் செவிக்குத் தெரியாமல் இணைக்கிறார். இரைச்சலை மிகுதியாக நீக்கினால் வில் நரம்பில் உரசும் உயிர்ப்பும் உடன் போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லாது. பழகிய செவியே சொல்லும்.

இத்தனை உழைப்பால் உண்டானது புதியதொரு பொருள் என்றும், பழைய அரக்குத் தட்டுக்கு இன்று சந்தையே இல்லாதபோது போட்டி எங்கே என்றும் நாக்சாஸ் வாதிட்டது. 2003-இல் நடுவண் மாவட்ட நீதிமன்றம் இதனை ஏற்று நாக்சாஸுக்குச் சாதகமாகத் தீர்த்தது. மேல்முறையீட்டின்போது, மாநிலச் சட்டம் என்ன சொல்லுகிறதென்று நியூயார்க்கின் தலைமை நீதிமன்றத்திடம் விளக்கம் கோரப்பட்டது. அதன் விடை நாம் முன்னே கண்டது. பிறநாட்டில் உரிமை தீர்ந்தது இங்கே பொருட்டன்று. பழைய பதிவுக்குச் சந்தை இல்லாமையும் பொருட்டன்று. படியெடுத்தது புதுப்பொருளாயினும் அதனுள் இருப்பது பழைய ஒலியே. அதன்பின் நாக்சாஸின் வரலாற்று வரிசைத் தட்டுகள் பல, அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லை என்ற குறிப்போடு வெளிவந்தன.

நம்முடைய கருத்தில், இத்தீர்ப்பின் தர்க்கத்தில் பிழை காண்பது கடினம்; அதன் விளைவில் நியாயம் காண்பதும் கடினம். உரிமையாளருக்கு விற்கும் உரிமையை அளித்த சட்டம், காக்கும் கடமையை விதிக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாப்புக் குழுவுக்காக டிம் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2005-இல் வெளியிட்ட கணக்கு இதனைத் தெளிவாக்கும். 1890 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான வரலாற்றுச் சிறப்புள்ள பதிவுகளில், உரிமையாளர்கள் தாங்களே கிடைக்கச் செய்தவை சராசரியாக நூற்றுக்கு 14 மட்டுமே. உரிமையில்லாதவர்கள் வெளியிட்டவை நூற்றுக்கு 22. தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தவன் அதனைத் தோண்டியெடுத்துப் பிறருக்குக் காட்டியவன்மேல் வழக்காடினான் என்று ஒருவர் இதனைக் கேலியாகச் சொல்லக்கூடும். இது முழு நியாயமாகாது. கேப்பிட்டலும் பாக்கை வெளியிடத்தான் செய்தது. ஆனால் பாக்கும் கசால்ஸும் விலைபோகும் பெயர்கள். விலைபோகாத நாட்டுப்பாடகர்கள், கறுப்பின ஆலயப் பாடகர் குழுக்கள், குடியேறியோர் தங்கள் மொழியில் பாடிய பக்திப் பாடல்கள் ஆகியவற்றை மறுபதிப்புச் செய்ய எந்தக் கம்பெனிக்கு அவசரம்? 2008 ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் பண்டகசாலை ஒன்று தீப்பற்றியபோது, அங்கிருந்த மூலநாடாக்களும் எரிந்தன. எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவ்விழப்பின் பரப்பைப் பற்றி உலகம் விரிவாகக் கேள்விப்பட்டது 2019-இல்தான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூறாமல் விடலாகாது. தாங்கள் பாடியதைச் செயற்கைக்கோள் வானொலியும் இணைய வானொலியும் ஒலிபரப்பிப் பொருளீட்டுவதைக் கண்டும் ஒரு காசும் பெறாத முதிய பாடகர்கள் பலர் இருந்தனர். 1972-க்கு முந்திய பதிவுகளுக்கு நடுவண் சட்டம் இன்மையால் நேர்ந்த இழப்பு அது. உரிமை என்றாலே கம்பெனியின் பேராசை என்று எண்ணிவிடுவது, கூலி மறுக்கப்பட்டவனின் குரலைக் கேளாதிருப்பதாகும். 2013 முதல் இவர்களுள் சிலர் மாநில நீதிமன்றங்களை நாடினர். அவ்வழக்குகளின் நெருக்கடியும் நூலகங்களின் நெடுநாள் வேண்டுகோளும் சேர்ந்தே 2018 அக்டோபர் 11-ஆம் நாள் கையெழுத்தான இசைச் சட்டத்திற்கு வழி திறந்தன. அதன்படி 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் யாவும் 2022 ஜனவரி 1-இல் பொதுச்சொத்தாயின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு. 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. அதன்பின் 1972 வரை உள்ளவற்றுக்கு 2067 பிப்ரவரி 15. வணிகத்தில் இல்லாத பழைய பதிவொன்றை ஊதியமின்றிப் பயன்படுத்த விரும்புவோர், நேர்மையாகத் தேடிப் பார்த்த பின் பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்புத் தாக்கல் செய்து, 90 நாட்களுக்குள் உரிமையாளர் மறுக்காவிட்டால் பயன்படுத்தலாம் என்ற ஒரு வாயிலும் திறக்கப்பட்டது. மெனுஹினின் 1932-ஆம் ஆண்டுப் பதிவுக்கு 2067 என்றிருந்த நாள், 2032-இன் இறுதிக்கு வந்தது.

அதே ஆண்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மற்றொரு வினாவுக்கு விடையளித்தது. பழைய பதிவை மெருகேற்றினால் அம்மெருகேற்றம் தனிப் பதிப்புரிமைக்கு உரியதாகுமா? ஆகும் என்று கீழ்நீதிமன்றம் 2016-இல் கூறியிருந்தது. மேல்நீதிமன்றம் அதனை மறுத்தது. பதிவின் அடிப்படைத் தன்மையே மாறும் அளவுக்குப் புதிய படைப்பு அதில் இல்லையேல், மெருகேற்றியவருக்குத் தனியுரிமை இல்லை. இதனால் கம்பெனிகள் பழையதைத் துடைத்துப் புதிய காலக்கணக்கைத் தொடங்கும் வழி அடைபட்டது. ஆயினும் நாம் மேலே விவரித்த, செவியால் உழைக்கும் தொழிலாளிக்கும் இதே தீர்ப்பால் ஒன்றும் கிட்டாது. அவருக்குத் தினக்கூலி உண்டு; உரிமை இல்லை.

சிக்கல் தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமெரிக்க மின்நூலகம் அரக்குத் தட்டுகளை இலட்சக்கணக்கில் எண்முறைப் படிகளாக்கி, யாவரும் கேட்கும்படி வைத்தது. யுனிவர்சல், சோனி முதலிய கம்பெனிகள் 2023-இல் அதன்மீது 2,749 பதிவுகளுக்காக வழக்குத் தொடுத்தன. 2025-இல் அது சமரசத்தில் முடிந்தது.

நம் நாட்டின் நிலை இவ்வளவு இடர்ப்பாடுடையதன்று. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு ஐம்பது ஆண்டு அளித்தது. தாகூரின் நூல்கள் 1991-இன் முடிவில் விடுதலையாகவிருந்த தறுவாயில் காலம் பொதுவாக நீட்டிக்கப்பட்டபோது, இதுவும் அறுபதாயிற்று. 1960-இல் வெளியான தட்டின் ஒலியுரிமை 2020 முடிவில் தீர்ந்தது. 1975-இல் வெளியானது 2035 முடிவு வரை கட்டுண்டிருக்கும். பாட்டின் உரிமையோ இயற்றியவர் மறைந்த பின் அறுபது ஆண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளை எவரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் 1975-இல் ஒரு கம்பெனி வெளியிட்ட அக்கீர்த்தனைத் தட்டைப் படியெடுக்க இன்றும் இசைவு வேண்டும். இதற்கு மறுதலையும் உண்டு. 1955-இல் வெளியான தட்டின் ஒலி விடுதலையாகிவிட்டது. அதிலுள்ள பாட்டை எழுதியவர் 1980-இல் மறைந்திருந்தால், பாட்டுக்கு 2040 முடிவு வரை அவர் வாரிசுகளின் இசைவு தேவை.

சபைகளில் அடிக்கடி குழப்பம் நேரும் இடம் ஒன்றுண்டு. உண்மையான சமயச் சடங்கின்போது ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வது உரிமை மீறலாகாது என்று நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. ஆராதனையில் தட்டைப் போடலாம் என்பதாலேயே அதனை நூறு படி எடுத்துச் சபையாருக்கு விற்கலாம் என்றாகாது. நற்காரியத்திற்காகத் திரட்டும் நிதியாயினும் ஆகாது. 2012-இன் திருத்தம் மற்றொரு சலுகையைச் சேர்த்தது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள எண்முறையல்லாத படியொன்றைப் பாதுகாப்பின் பொருட்டு மின்முறையில் சேமித்து வைக்கலாம். இறையியல் கல்லூரியின் நூலகம் ‘பொது நூலகம்’ ஆகுமா என்பது வழக்கறிஞரிடம் கேட்கத்தக்க கேள்வி. வெளியாரும் வந்து பயன்படுத்த வழி செய்துள்ள நூலகத்திற்கு விடை எளிதாகும் என்பது நம் எண்ணம்.

காலத்தைக் கணக்கிடத் தட்டின் ஆண்டு தெரிய வேண்டும். பழைய தட்டுகளின் நடுச்சீட்டில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பது அரிது. கம்பெனியின் பட்டியல் எண் சீட்டிலேயே இருக்கும். சீட்டுக்கும் இசைப்பள்ளத்திற்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தில், மூலத்தகட்டின் எண் நுண்ணெழுத்தில் கீறப்பட்டிருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். இவ்விரு எண்களையும் கம்பெனிகளின் பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டே வெளியான ஆண்டை அறுதியிடுகின்றனர். சீட்டு உரிந்துபோன தட்டுக்கு அந்தக் கீறல் எண் ஒன்றே சாட்சி.